மூன்று முறை கரண்ட் போன சர்வர்: பெயர் இழந்த 1,836 படங்களை மீட்ட பதிவு

ஐப்பசி மாதத்துக் கடைசி ஞாயிறு, முகூர்த்த நாள். காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாலை ஏழு மணி இருக்கும், திருவாரூர் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, கரண்ட் வந்துருச்சு, சர்வர் மட்டும் வரல. ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், கறுப்பா எழுத்து ஓடி நின்னு போயிடுது." குரலில் பதற்றம் தெரிந்தது. காலையில் எடுத்த கல்யாணப் படங்கள் மதியம்தான் அதில் ஏறிக்கொண்டிருந்தன என்றார். "இனி தொடாதீங்கண்ணே, பிளக்கைப் பிடுங்கி வச்சிருங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். இப்படி ஒரு நிலையில் யாரைக் கேட்டாலும், டிஸ்க்கின் கட்டமைப்பைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே புரோகிராமை ஓட்டு, எல்லாக் கேள்விக்கும் ஒய் (ஆம்) கொடு, முடிந்தது என்பார்கள். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவே முடியும். அந்தப் பத்தாவது முறை என்ன ஆகும் என்பதை நான் இந்த டிஸ்க்கில் கண்ணால் பார்த்தேன். அன்று அண்ணன் யாரையாவது கேட்டு அந்த ஒய்-யைத் தட்டியிருந்தால் என்ன போயிருக்கும் என்று எனக்கு இப்போது படம் படமாகத் தெரியும்.

சர்வர் என்று நாங்கள் சொல்வது ஒரு பழைய டவர் கம்ப்யூட்டர்தான். சின்ன எஸ்எஸ்டியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம், படங்களுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. லேப்டாப்களில் இருந்து படங்களை ஏற்ற சாம்பா. பக்கத்தில் ஒரு யூபிஎஸ், அதன் பேட்டரிக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் பதினொரு நாள் பழையது. அன்றைய கல்யாணத்துக்கு அது உதவாது.

மின்சாரம் ஒரு தடவை போய் வந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. எக்ஸ்ட்4-இல் ஜர்னல் இருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பில் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு ஓரத்தில் எழுதிக்கொண்டு, பிறகுதான் உரிய இடத்தில் எழுதும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை அந்த ஓரக் குறிப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். 2001-இல் லினக்ஸ் 2.4.15 கெர்னலோடு எக்ஸ்ட்3 வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அதனால்தான் திடீரென்று அணைந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு நொடியில் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகின்றன. அன்று நடந்தது வேறு. பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் வந்தால் தானாகவே ஆன் ஆகும்படி பயாஸில் வைத்திருந்தோம். ஆக முதல் தடவை அணைந்த சர்வர், இரண்டாவது தடவை சரியாகத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் அணைந்திருக்கிறது.

போய்ச் சேர்ந்ததும் யூபிஎஸ் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட், ஒரு பல்பை மாட்டியதும் 9-க்கு இறங்கிவிட்டது. இந்த வகை 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 10.5-க்குக் கீழே போனால் செத்ததாகவே கணக்கு. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் அண்ணன் மூன்று வருடமாக நம்பிக்கையோடு இருந்திருக்கிறார்.

சர்வரை யூபிஎஸ்ஸில் இருந்து கழற்றி, கடை இன்வெர்ட்டர் லைனில் மாட்டி, டேட்டா டிஸ்க்கின் கேபிளை எடுத்துவிட்டு ஆன் செய்தேன். எமர்ஜென்சி மோடு என்று வந்து, ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டியிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது என்று நின்றது. டெபியனை நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வைக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும், அவசரத்துக்குக் கதவு திறக்காது. கையோடு கொண்டு போயிருந்த சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸ் பென்டிரைவில் இருந்து பூட் செய்து எஸ்எஸ்டியைப் பார்த்தேன். அது சுத்தமாக இருந்தது. அதிலிருந்த லாக்கைப் படித்தபோது விஷயம் புரிந்தது. டேட்டா டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கு, அதாவது பயன்பாட்டுக்கு இணைப்பதற்கு, முன் தானாக ஓடும் சோதனை, ஜர்னலைப் படித்து முடித்துவிட்டு, அடுத்த கட்டத்தில் ஒரு பிளாக்கை (ஃபைல் சிஸ்டம் எழுதும் 4096 பைட் துண்டு) படிக்க முடியாமல், எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டவும் என்று சொல்லிவிட்டு 4 என்ற குறியீட்டோடு நின்றிருக்கிறது. 4 என்றால் பிழை இருக்கிறது, திருத்தவில்லை என்று பொருள். திருத்தாமல் நின்றதுதான் நம் நல்ல காலம்.

பிறகு டேட்டா டிஸ்க்கின் கேபிளைத் திரும்ப மாட்டி, மவுண்ட் செய்யாமல், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை மட்டும் கேட்டேன். 5-ஆம் எண், அதாவது மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க் எழுதும் மிகச் சிறிய துண்டுகள்), 0. கேபிள் கோளாறைக் காட்டும் 199-உம் 0. ஆனால் 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 8. இந்த 8-ஐப் பார்த்து டிஸ்க் முழுக்கக் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. இப்போதைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டராக எழுதிக்கொண்டு வெளியே 512 பைட் என்று சொல்லும், அதனால் உள்ளே ஒரே ஒரு செக்டர் போனால் பல டிஸ்க்குகள் 8 என்று கணக்குக் காட்டும். தலை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் விழுந்தால் அந்தச் செக்டர் பாதி புதிதும் பாதி பழையதுமாக நின்றுவிடும், அதன் திருத்தக் குறியீடு ஒத்துப்போகாது, டிஸ்க் படிக்க மறுத்துவிடும். தட்டில் கீறல் இல்லை, எழுத்து மட்டும்தான் கிழிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த மழையில், விட்டு விட்டு வரும் கரண்டில், அங்கேயே வேலையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஹெச் டியூப்ளர் பேட்டரி, இரவு முழுக்கத் தாங்கும். ஏற்கெனவே வேறு வேலைக்கு வாங்கி வைத்திருந்த 6 டிபி டிஸ்க் ஒன்று காலியாக இருந்தது. இரண்டையும் என் கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு பழைய டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுக்க விட்டேன். இந்தப் புரோகிராமின் அருமை அதன் மேப் கோப்பு. எந்தப் பகுதியைப் படித்தாயிற்று, எது படியவில்லை என்று பைட் கணக்கில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகலெடுக்கும் சாதாரணக் கட்டளையான டிடி-யை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள், முதல் பிழையிலேயே நின்றுவிடும்.

4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆனது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால், படியாமல் போனது மொத்தம் 4096 பைட். நான்கு டெராபைட்டில் நான்கு கிலோபைட். மூன்று முறை திரும்பத் திரும்ப முயன்றும் வரவில்லை. இமேஜில் அந்த இடம் வெறும் சுழியங்களாக இருந்தது.

நாலு கிலோபைட்தானே என்று விடக்கூடாது, அது எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கணக்கு எளிதுதான். மேப் கோப்பு சொன்ன இடம் பத்தடிமானத்தில் 549757005824-ஆவது பைட். பார்ட்டிஷன் 1048576-இல் தொடங்குகிறது, அதைக் கழித்து 4096-ஆல் வகுத்தால் 134217763. இதுதான் ஃபைல் சிஸ்டத்தில் அந்தப் பிளாக்கின் எண். ஃபைல் சிஸ்டம் பிளாக்குகளைக் குரூப் குரூப்பாகப் பிரித்து வைத்திருக்கும், டம்ப்இ2எஃப்எஸ் கட்டளை கொடுக்கும் பட்டியலில் எந்தக் குரூப்பில் எது எங்கே இருக்கிறது என்று வரும். 4096-ஆம் குரூப்பின் இன்னோட் டேபிள் 134217760-இல் தொடங்குகிறது. ஆக, போனது இன்னோட் டேபிளின் நான்காவது பிளாக்.

இன்னோட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கோப்பின் அளவு, தேதி, அதன் உள்ளடக்கம் டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது, இவையெல்லாம் இருக்கும் 256 பைட் சீட்டுதான் இன்னோட். அதில் கோப்பின் பெயர் இருக்காது. பெயர்கள் ஃபோல்டருக்குள் இருக்கும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் இன்னோட் எண் மட்டும் இருக்கும். ஃபோல்டரும் ஒரு கோப்புதான், அதற்கும் ஓர் இன்னோட் உண்டு. ஒரு பிளாக் 4096 பைட் என்றால் அதில் 16 இன்னோட்கள். இங்கே போனவை 33554481 முதல் 33554496 வரை.

எந்தப் பதினாறு என்று பிறகு தெரிந்தது. கல்யாணத்துக்கென்று அன்று மதியம் உருவாக்கிய ஃபோல்டர் ஒன்று, அதற்குள் இருந்த ஐந்து உள் ஃபோல்டர்கள், அவற்றை உருவாக்கியவுடன் முதலில் ஏறிய பத்துப் படங்கள்.

இனிமேல்தான் எஃப்எஸ்சிகே. ஆனால் இமேஜின் மேலும் நேரடியாக ஓட்டவில்லை, திரும்ப இன்னொரு ஏழரை மணி நேரம் யார் காத்திருப்பது. கியூஇஎம்யூவோடு வரும் கருவியால் இமேஜின் மேல் ஒரு ஓவர்லே கோப்பு உருவாக்கிக்கொண்டேன். பழைய கல்யாண ஆல்பங்களில் படத்துக்குப் படம் நடுவே பட்டர் பேப்பர் வைப்பார்களே, அதன் மேல் எழுதுவது மாதிரி. நாம் செய்யும் மாற்றமெல்லாம் மேல் தாளில் விழும், கீழே இருக்கும் படம் அப்படியே இருக்கும், சரிவரவில்லை என்றால் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைக்கலாம். அந்த இரண்டு நாளில் நான் நான்கு தாள் மாற்றினேன்.

முதலில் எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகேயான இ2எஃப்எஸ்சிகேயை மைனஸ் என் கொடுத்து ஓட்டினேன். எதையும் எழுதாமல், எல்லாக் கேள்விக்கும் தானே இல்லை என்று சொல்லிக்கொண்டு, என்னென்ன பழுது என்று மட்டும் காட்டும். அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துப் படித்தேன். நிதானமாகப் படிக்க வேண்டியது இதைத்தான். சோதனை ஐந்து கட்டமாகப் போகும். முதல் கட்டத்தில் இன்னோட்களையும் அவை சொந்தம் கொண்டாடும் பிளாக்குகளையும் பார்க்கும். இரண்டாவதில் ஃபோல்டர்களுக்குள் இருக்கும் பெயர்கள். மூன்றாவதில் ஒவ்வொரு ஃபோல்டரும் மேலே வேரோடு இணைந்திருக்கிறதா என்று. நான்காவதில் ஒவ்வொரு இன்னோட்டையும் எத்தனை பெயர் சுட்டுகிறது என்ற எண்ணிக்கை. ஐந்தாவதில் காலி இடக் கணக்கு. என் வெளியீட்டில் முதல் கட்டம் ஒன்றுமே சொல்லவில்லை, ஏனென்றால் சுழியமாக இருக்கும் இன்னோட் அதன் கண்ணுக்குப் பயன்படுத்தாத இன்னோட். இரண்டாம் கட்டத்தில் ஒரே ஒரு வரி, கல்யாண ஃபோல்டரின் பெயர் நீக்கப்பட்ட இன்னோட்டைச் சுட்டுகிறது, அழித்துவிடவா என்று. நான்காம் கட்டத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இணைப்பில்லாத இன்னோட், லாஸ்ட்+ஃபவுண்டில் சேர்க்கவா, இணைப்பில்லாத இன்னோட், சேர்க்கவா, என்று 1,836 தடவை. லாஸ்ட்+ஃபவுண்ட் என்பது பெயர் தொலைந்த கோப்புகளைப் போட்டு வைக்கும் ஃபோல்டர்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதே சோதனையைப் பழைய டிஸ்க்கின் மேல் நேரடியாக ஓட்டியிருந்தால் முதல் கட்டத்திலேயே, இந்தப் பிளாக்கைப் படிக்க முடியவில்லை, பிழையைப் புறக்கணிக்கவா என்று கேட்கும். அடுத்து, வலிந்து எழுதிவிடவா என்று கேட்கும். மைனஸ் ஒய் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் சரி. அந்த இடத்தில் வெற்றுப் பிளாக்கை எழுதிவிட்டு, கல்யாண ஃபோல்டரின் பெயரை அழித்துவிட்டு, காலி இடக் கணக்கில் அந்தப் பத்துப் படங்களின் இடத்தையும் காலி என்று குறித்துவிட்டு, எல்லாம் சுத்தம் என்று சொல்லியிருக்கும். அது பொய்யும் இல்லை. இ2எஃப்எஸ்சிகேயின் வேலை கட்டமைப்பில் முரண்பாடு இல்லாமல் செய்வது. ஒரு படத்தின் சீட்டு காணாமல் போனால், அந்தப் படமே இல்லை என்று கணக்கை முடித்தாலும் முரண்பாடு தீர்ந்துவிடும். படத்தைத் தேடுவது நம் வேலை.

ஓவர்லேயின் மேல் அதை ஓடவிட்டுப் பார்த்தேன். லாஸ்ட்+ஃபவுண்டுக்குள் பெயரில்லாமல், எண் குறியும் இன்னோட் எண்ணுமாக 1,836 கோப்புகள். ஒன்றைத் திறந்தேன், மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், படம் முழுசாக இருந்தது. அப்போது மணி காலை எட்டு, உடனே அண்ணனுக்குப் போன் செய்து "படங்கள் இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பெயர் போனாலும் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரத்தை எக்ஸிஃப் குறிப்பாக எழுதி வைத்திருக்கும். எக்ஸிஃப்டூலைக் கொண்டு எல்லாவற்றுக்கும் தேதி, நேரப்படி பெயர் வைத்துப் பிரித்தேன். இரண்டு கேமராக்களின் கடிகாரத்துக்கும் நான்கு நிமிட வித்தியாசம் இருந்தது, தாலி கட்டும் நேரம் இரண்டிலும் இருந்ததால் அதை வைத்துச் சரிசெய்ய முடிந்தது. மோசமான நிலைமைக்கு இது போதும். ஆனால் வரிசையாகப் பார்த்தபோது முதல் கேமராவின் படங்கள் பதினொன்றாவதில் இருந்துதான் தொடங்கின.

அண்ணனிடம் கேட்டேன். முதல் பத்தும் விடியற்காலையில் எடுத்தவை என்றார். பெண்ணின் பாட்டி குத்துவிளக்கு ஏற்றுவதை அந்த வீட்டார் சொல்லி எடுக்கச் சொன்னார்களாம், படங்கள் ஏறி முடிந்ததும் ஸ்டுடியோ தம்பி ஒருவர் அந்த மெமரி கார்டை ஃபார்மட் செய்து சாயங்கால ரிசப்ஷனுக்கு எடுத்துப் போய் அதிலேயே படமும் எடுத்துவிட்டார். "பாட்டிக்கு எண்பத்தஞ்சு வயசு தம்பி, அது எப்படியாவது வேணும்" என்றார்.

போட்டோரெக் மாதிரி கருவிகள், டிஸ்க்கில் ஜேபெக் தலைப்பு எங்கே தென்படுகிறதோ அங்கிருந்து படமாக எடுத்துத் தரும். அது ஒரு வழி, ஆனால் 4 டிபியில் இருக்கும் பல வருடத்துப் படங்களும் சேர்ந்து வரும், அந்தக் குவியலில் தேட வேண்டும். அதைத் தொடங்குவதற்கு முன்னால் ஜர்னலின் ஞாபகம் வந்தது.

ஜர்னல் மாற்றத்தை மட்டும் எழுதுவதில்லை, மாறப்போகும் பிளாக்கை முழுசாக, 4096 பைட்டையும் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஃபோல்டருக்குள் படங்கள் ஏற ஏற ஃபோல்டரின் இன்னோட்டில் அளவும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். எக்ஸ்ட்4 வழக்கமாக ஐந்து நொடிக்கு ஒரு முறை ஜர்னலில் பதிவு போடும். அப்படியானால் நமக்கு வேண்டிய அதே பிளாக், படங்கள் ஏறிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஐந்து நொடிக்கு ஒரு தடவை ஜர்னலில் நகலாகியிருக்க வேண்டும். பூட் ஆகும்போது ஓடிய சோதனை ஜர்னலைப் படித்து முடித்து, இனி இதில் வேலை இல்லை என்று குறித்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அது தலைப்பில் மட்டும் குறித்துக்கொள்வது, உள்ளே இருக்கும் பழைய பிளாக்குகளை அழிப்பதில்லை. இந்த அளவு டிஸ்க்கில் ஜர்னல் 1 ஜிபி இருந்தது, ஒரு ஸ்டுடியோவின் வேலைக்கு அது ஒரு சுற்று நிரம்பிப் பழையதன் மேல் எழுத வெகு நேரம் பிடிக்கும். நடுவில் யாரும் அந்த டிஸ்க்கை மவுண்ட் செய்யவும் இல்லை.

புதுத் தாள் ஒன்றை வைத்தேன். ஃபைல் சிஸ்டத்தின் உள்ளே நேரடியாகப் பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ் கருவியில் லாக்டம்ப் என்று ஒரு கட்டளை இருக்கிறது, பெரிய ஓ என்ற ஆப்ஷன் கொடுத்தால் முடிந்துபோன பழைய பதிவுகளையும் காட்டும். முழுப் பட்டியலையும் ஒரு கோப்பில் கொட்டி அதில் 134217763-ஐத் தேடினேன். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது. கை நடுங்கியது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அடுத்ததைச் செய்தேன்.

கடைசி வரிசை எண் கொண்ட நகலை எடுத்துக்கொண்டேன். அது ஜர்னலுக்குள் எத்தனையாவது பிளாக் என்று பட்டியலே சொல்கிறது. ஜர்னலும் ஒரு கோப்புதான், 8-ஆம் எண் இன்னோட், ஆகவே டீபக்எஃப்எஸ்ஸில் பிமேப் கட்டளைக்கு 8-ஐயும் அந்த எண்ணையும் கொடுத்தால் டிஸ்க்கில் உண்மையான இடம் வந்துவிடும். அங்கிருந்து ஒரு பிளாக்கை டிடி-யால் எடுத்து, ஓவர்லேயில் 134217763-ஆவது இடத்தில் எழுதினேன். எழுதுமிடத்தை ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன், கீழே அசல் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தாலும்.

பிறகு 33554481-ஐ ஸ்டாட் செய்து பார்த்தேன். வகை ஃபோல்டர், கடைசியாக மாறிய நேரம் மாலை 4:52. இந்த ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு இன்னோட்டுக்கும் தனியே செக்சம் (சரிபார்ப்பு எண்) உண்டு. இன்னோட்டின் எண்ணும் ஃபைல் சிஸ்டத்தின் அடையாளமும் சேர்த்துக் கணக்கிடுவது அது, தப்பான பிளாக்கை எடுத்துத் தப்பான இடத்தில் ஒட்டியிருந்தால் ஒத்துப்போகாது. பதினாறும் ஒத்துப்போயின.

திரும்பவும் இ2எஃப்எஸ்சிகே, திரும்பவும் மைனஸ் என். இந்த முறை நான்காம் கட்டம் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் கட்டத்தில் மட்டும் காலி இடக் கணக்கு கொஞ்சம் தவறு என்றது, அதைத் திருத்தச் சொன்னேன். முடியும்போது 1 என்று குறியீடு வந்தது, பிழை இருந்தது, திருத்திவிட்டேன் என்று பொருள். இன்னொரு தடவை முழுச் சோதனை ஓட்டி 0 வரும் வரை நான் நம்புவதில்லை. வந்தது.

எழுதாமல் பார்க்கும் முறையில் மவுண்ட் செய்தேன். இங்கே ஒரு குறிப்பு, ரீட் ஒன்லி என்று மட்டும் சொன்னால் எக்ஸ்ட்4 ஜர்னலில் நிலுவை இருந்தால் அதை எழுதிவிட்டுத்தான் மவுண்ட் ஆகும், டிஸ்க்கில் உண்மையிலேயே எதுவும் எழுதக் கூடாது என்றால் நோலோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் தடயத்தை அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஃபோல்டர் அதன் பெயரோடு இருந்தது. உள்ளே ஐந்து ஃபோல்டர், முதல் ஃபோல்டரில் முதல் படம். இருட்டான முற்றம், ஐந்து முகக் குத்துவிளக்கு, நான்கு திரி எரிகிறது, ஐந்தாவதற்குப் பாட்டி கை நீட்டுகிறார், விளக்கு வெளிச்சம் அவர் மூக்குத்தியில் பட்டுத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தடயங்களை வைத்துப் பார்த்தால் நடந்தது இப்படி இருக்க வேண்டும். முதல் முறை கரண்ட் போனபோது ஜர்னல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்து, ஜர்னலில் இருந்ததை உரிய இடங்களில் எழுதத் தொடங்கியது. டிஸ்க் அதைத் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொண்டு, எழுதிவிட்டேன் என்று பதில் சொன்னது, சோதனையும் அதை நம்பி ஜர்னலைச் சுத்தம் என்று குறித்துவிட்டது. தட்டில் எழுதி முடிக்கும் முன் இரண்டாவது முறை கரண்ட் போயிற்று. அதன் பிறகு எழுந்தபோது அந்தப் பிளாக்கைத் திருத்த ஜர்னலில் நிலுவை எதுவும் இல்லை, பிளாக் கிழிந்து கிடக்கிறது.

கட்டமைப்பு சரியானதும் வேலை முடிந்துவிடாது, கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரண அமைப்பில் ஜர்னல் பாதுகாப்பது கட்டமைப்பைத்தான், படத்தின் பைட்களை அல்ல. ஜேபெக்இன்ஃபோ கொண்டு ஒவ்வொரு படத்தையும் கடைசி வரை படிக்க வைத்ததில் மூன்று படங்கள் வெறும் 0 பைட்டாக இருந்தன, கரண்ட் போன நொடியில் ஏறிக்கொண்டிருந்தவை. எக்ஸ்ட்4 கோப்புக்கு இடம் ஒதுக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுச் செய்யும், அந்த இடைவெளியில் மாட்டியவை. அவை இரண்டாவது கார்டில் இருந்து வந்தவை, அந்தக் கார்டு ஏறி முடியாததால் யாரும் ஃபார்மட் செய்யவில்லை, அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். பதினொரு நாள் பழைய பேக்கப்போடு மற்ற எல்லாவற்றையும் ஆர்சிங்க்கில் செக்சம் போட்டு ஒப்பிட்டேன், எழுதாமல் ஒப்பிட மட்டும் சொல்லி. மாறியிருக்க வேண்டியவை மட்டுமே மாறியிருந்தன. ஒரே இழப்பு, ஆல்பம் டிசைன் செய்யும் பெண் அன்று சாயங்காலம் சேமித்துக்கொண்டிருந்த ஒரு போட்டோஷாப் கோப்பு. அரை நாள் வேலை அவருக்கு.

எல்லாவற்றையும் புது டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்து சர்வரில் மாட்டினோம். பழைய டிஸ்க்கில் பிறகு அந்த ஒரு செக்டரில் எழுதிப் பார்த்தேன், 197 சுழியத்துக்கு வந்துவிட்டது, 5-உம் சுழியமாகவே இருந்தது, நீண்ட சோதனையிலும் தேறியது. தட்டில் பழுது இல்லை என்பது உறுதி. இருந்தாலும் அதை இனி படங்களுக்கு வைக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

சர்வரில் செய்த மாற்றங்கள் அதிகம் இல்லை. புது பேட்டரி, அதோடு யூஎஸ்பி கேபிள் உள்ள யூபிஎஸ். நட் என்று சொல்லும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போட்டு, கரண்ட் போய் இரண்டு நிமிடம் வராவிட்டால் சர்வர் தானாக முறைப்படி அணையும்படி செய்தேன். நம் ஊரில் கிடைக்கும் சின்ன யூபிஎஸ்கள் பலவற்றுக்கு அதில் உள்ள நட்டிரைவர்_க்யூஎக்ஸ் என்ற டிரைவர் ஒத்துவரும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆவதை பயாஸில் நிறுத்திவிட்டேன், மழைக்காலத்தில் இது எனக்கு யூபிஎஸ்ஸை விட முக்கியமாகப் படுகிறது, கரண்ட் நிலையாக நின்ற பிறகு ஒரு ஆள் பட்டனைத் தட்டட்டும். டிஸ்க்கின் ரைட் கேஷையும் ஹெச்டிபார்ம் கொண்டு அணைத்தேன். படம் ஏறும் வேகம் குறைந்தது, அண்ணன் பரவாயில்லை என்றார். ரூட்டுக்குப் பாஸ்வேர்ட், டேட்டா டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்து நிற்கும்படி டிஸ்க்குகளை எங்கே எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்ற குறிப்பு. பேக்கப் இப்போது தினமும் இரவு, வேறு டிஸ்க்கில், வாரம் ஒரு டிஸ்க் அண்ணன் வீட்டுக்குப் போகிறது. அந்தப் பேக்கப் முடிந்து மறுநாள் காலை சரிபார்க்கும் வரை எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்யக் கூடாது என்று மெமரி கார்டு டப்பாவின் மூடியில் பேப்பர் ஒட்டி எழுதிவிட்டார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு அங்கே திரும்ப அதே மாதிரி கரண்ட் வந்து வந்து போயிருக்கிறது. மறுநாள் காலை லாக்கைப் பார்த்தேன். கரண்ட் போனது 9:14, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியது, 9:16-க்கு சாம்பா நின்றது, டிஸ்க் அன்மவுண்ட் ஆனது, சர்வர் அணைந்தது. காலையில் தம்பி ஒருவர் வந்து பட்டனைத் தட்டியிருக்கிறார், டேட்டா டிஸ்க்கைப் பற்றி ஒரே ஒரு வரி, கிளீன் என்று.